மெட்ராஸ் ஐ இல்லை, வெயிலுக்குத்தான்

பீங்கான் பொம்மைகளைச் சூளையில் வைப்பதற்கு முன் வெயிலில் காயவைப்பது கம்பெனியில் என் வேலை. விருத்தாசலத்து வெயிலையும் அந்த வெள்ளைப் பொம்மைகளையும் பார்த்துப் பார்த்து, என் கண் எந்நேரமும் சிவந்தே கிடந்தது. கண் டாக்டரிடம் போனேன். "கண்ணுல சதை வளருதும்மா. கருவிழி மேல ஏறிடுச்சுன்னா பார்வைய மறைச்சிடும். புற ஊதாக் கதிரத் தடுக்குற கூலிங் கிளாஸா பாத்து வாங்குங்க. வெயில்ல அத கழட்டவே கூடாது" என்றார்.

அன்றே வாங்கி மாட்டினேன். வந்தது வினை. எந்தப் படத்தில் நடிக்கிறேன் என்று டீக்கடையில் கேட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "மெட்ராஸ் ஐயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து தள்ளிப் போனாள். நோய் வந்தவள் போடலாமாம். கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்டால் திமிராம். ஆம்பளைகள் பைக்கில் மாட்டிக்கொண்டு போனால் மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன சித்திரையில் கருவேப்பிலங்குறிச்சியில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் எங்களுடையது. உச்சி வெயிலில், மேளத்துக்குப் பின்னால், தாம்பாளத்தோடு முதல் ஆளாக நடந்தேன், கண்ணாடியோடுதான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்.

"சொந்தக்காரங்க எல்லாம் பாக்குறாங்க. கழட்டேன்."

"பாக்கட்டுங்க. கண்ணு என்னுது."

நாத்தனார் சமாதானத்துக்கு வந்தாள். "மெட்ராஸ் ஐன்னு சொல்லிடுங்க அண்ணி. யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க."

"இல்லாத நோவ நான் ஏன் சொல்லணும்? வெயிலுக்குத்தான் போட்டிருக்கேன்" என்றேன், பந்தல் வரைக்கும் கேட்கிற மாதிரி. மேளக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் மறுபடி பார்த்தபோது, சதை இருந்த இடத்திலேயே நிற்கிறது, ஏறவில்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. அந்த வாரம்தான் நாத்தனார் ஆல்பத்தைக் கொண்டுவந்தாள். சீர் போட்டோவைக் காட்டி, "உங்க கண்ணே தெரியலியே அண்ணி" என்று குறைப்பட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். அவள், என் வீட்டுக்காரர், பின்னால் வந்த சொந்தக்காரர்கள், அத்தனை பேரும் வெயிலுக்கு முகத்தைச் சுளித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.

"இதுல யாரு கண்ணு தெரியுது, காட்டு" என்றேன்.

போட்டோவில் என் கண் தெரியாவிட்டால் போகட்டும். என் கண்ணுக்குப் போட்டோ தெரிகிறது, எனக்கு அது போதும்.