பெரியப்பா செனகலுக்குக் கொடுத்த கிணறு

பத்து வயதிலேயே எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. பெரியப்பாவுக்குப் பிரெஞ்சு பேசிக்கொடுப்பது. சம்பளம் கிடையாது, ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. மொன்றியலை ஒட்டிய புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டசாலையில் மேற்பார்வையாளராக இருந்த பெரியப்பா, ஆங்கிலத்தில் யாரையும் உருட்டிவிடுவார். பிரெஞ்சு என்று வந்தால் போன்ஜூர், மெர்சி, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் வரவேண்டியதையெல்லாம் நான்தான் நிரப்ப வேண்டும். வாய்க்காரி என்று அம்மா என்னைத் திட்டுவார். அந்த வாய் இல்லாவிட்டால் பெரியப்பாவின் பாடு என்ன ஆகியிருக்கும் என்று யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

அதே பண்டசாலையில் செனகலிலிருந்து வந்த ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நாங்கள் அவரைச் செனகல் மாமா என்று கூப்பிட்டோம். அவருக்கு ஆங்கிலம் வராது. மனைவியும் மகளும் இன்னும் ஊரில் இருந்தார்கள். அந்த ஊரில் கிணறு இல்லை. ஆடு மாடு இறங்குகிற குளத்தில்தான் சனமும் தண்ணீர் அள்ளிக் குடித்தது. அதைக் குடித்து வயிற்றோட்டம் வந்து, அவருடைய மகள் சாகக் கிடந்து பிழைத்திருந்தாள். கைபேசியில் அவளுடைய படத்தைக் காட்டினார். என் வயதுக்காரி, என்னைவிட உயரமாக இருக்கிறாளே என்று எனக்குச் சின்ன எரிச்சல். பெரியம்மாதான் அவளுடைய கழுத்தெலும்பைப் பார்த்து, "ஐயோ, என்ரை பிள்ளை, காய்ஞ்சு போய்க் கிடக்கே" என்று கண் கலங்கினார்.

பெரியப்பாவுக்கு இளகிய மனசு. அதில் நான் பொய் சொல்லமாட்டேன். அப்போது அவர் எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். வழக்கமாகக் கோயில் கோபுரத்துக்கும் பள்ளிக்கூட மதிலுக்கும் போகிற சங்கக் காசை, தொண்டை கட்டும்வரை பேசிப் பேசியே செனகல் பக்கம் திருப்பிவிட்டார். "கிணறோ? எங்களுக்கே கிணறு தெரியாது?" என்பது அவருடைய கட்சி. யாழ்ப்பாணத்தானுக்குக் கிணற்றைப் பற்றி ஒருவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் இறைக்கிற துலா எப்படி நிற்க வேண்டும், கிணற்றுக்கட்டு எவ்வளவு உயரம் வேண்டும் என்று கடதாசியில் கீறிக்கீறிக் காட்டினார். செனகல் மாமா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, தங்கள் பக்கத்தில் குழாய்க்கிணறு அடித்து மேலே கைப்பம்பு பூட்டுவதுதான் நல்லது, அப்போதுதான் குப்பை விழாது என்று சொன்னார். துலா இல்லாததும் ஒரு கிணறோ என்று பெரியப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கிவந்தார்.

ஒன்றில் மட்டும் இறங்கவில்லை. கிணறு ஊர்த்தலைவரின் வளவுக்குள் வரவேண்டும். சுற்றவர மதில், கேற், கேற்றுக்குப் பூட்டு. கண்டவர் நின்றவரெல்லாம் கைவைத்தால் பம்பு பாழாய்ப்போகும் என்றார். மதிலில் அவருடைய அப்பா, அதாவது எங்கள் அப்பப்பாவின் பெயர் பொறித்த கல்லும் பதிக்க வேண்டும். செனகல் மாமாவோ ஊர் நடுவில் நிற்கிற பெரிய வேப்பமரத்தடியைக் கேட்டார். அவருடைய மனைவியும் மகளும் இருந்தது தலைவர் வீட்டுக்குத் தூரமாக, ஊரின் கடைசியில். ஆனால் கொடுக்கிறவரோடு இடம் பிடித்துச் சண்டை போட முடியுமா? கிணறே இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவர் குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசினார். நானும் தாழ்த்தித் தாழ்த்தி மொழிபெயர்த்தேன்.

அதை முடிவுகட்டத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்-பிசார் தீவில் இருந்த பெரியப்பா வீட்டில் சாப்பாடு. வெளியே முழங்கால் அளவு பனி. பெரியம்மா செனகல் மாமாவுக்காக ஹலால் கடை தேடிப் போய் ஆட்டிறைச்சி வாங்கிக் கறி வைத்திருந்தார். அந்தத் தீவுக்கு ஒழுங்கான பஸ் கிடையாது என்பதால், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த என்னைச் சித்தப்பாவும் சித்தியும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சித்தி அந்த வீட்டில் வாய் திறப்பது குறைவு. சித்தப்பா அவரை மொன்றியலில் விரும்பிக் கட்டியவர். இரண்டு பேரும் ஒரே ஊர்தான், இருந்தும் பெரியப்பா கலியாணத்துக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "சின்னப் பிள்ளைக்கு என்ன கதை" என்று என் வாயை அடைத்துவிடுவார்கள். குழந்தை பிறந்த பிறகுதான் போக்குவரத்து தொடங்கியிருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செனகல் மாமா மெல்லக் கேட்டார். மற்றவர்கள் தலைவரின் வளவுக்குள் வந்து தண்ணீர் அள்ளக் கூச்சப்பட மாட்டார்களா? உங்கள் ஊரில் எப்படி இருந்தது?

"என்ன கூச்சம்?" என்றார் பெரியப்பா. "எங்கட வளவுக் கிணத்திலதான் ஊரே குடிச்சது. அப்பா ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொன்னதில்லை. சொல்லு பிள்ளை, வடிவாச் சொல்லு."

வடிவாகச் சொன்னேன். என் அப்பப்பாவாயிற்றே, கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

அப்போது சித்தி கறிக்கரண்டியைச் சட்டியில் வைத்தார். "உண்மைதான். நாங்களும் அந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிச்சு வளர்ந்தனாங்கள். ஆனா ஒருநாளும் எங்களைக் கயிறு இழுக்க விடேல்லை. அவையள்தான் அள்ளி ஊத்துவினம். நாங்கள் எட்ட நிண்டு குடத்தைப் பிடிப்பம்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. உடனே பிரெஞ்சில் விளாசினேன்: எங்கள் ஊரில் அவ்வளவு மரியாதை, வருகிறவர்களைக் கயிறு தொடவே விடமாட்டார்கள், பாவம் கை நோகும் என்று தாங்களே அள்ளி ஊற்றுவார்கள்.

செனகல் மாமா சிரிக்கவில்லை. சித்தியையே பார்த்துக்கொண்டு, "வீட்டில் யாரும் இல்லாவிட்டால்?" என்று கேட்டார். அதைச் சித்தியிடம் தமிழில் கேட்டேன்.

"ஆரும் வருமட்டும் நிப்பம்," என்றார் சித்தி. "வெயில் எண்டாலும் நிப்பம்."

அதையும் சொன்னேன். அவர் பெரியப்பாவின் பக்கம் திரும்பி, மிகவும் பணிவாக, "என் ஊரில் அப்படி நிற்கப்போவது என் மகள்," என்றார். அதைத் தமிழில் சொன்னேன். பெரியம்மா, "சாப்பிடுங்கோ, கறி ஆறுது," என்றார். ஒருவரும் கை வைக்கவில்லை.

தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் அந்தக் கிணற்றின் கயிற்றைத் தொடக்கூடாது, தொட்டால் தண்ணீர் தீட்டு என்று இறைத்துக் கொட்டுவார்கள் என்பதெல்லாம் நான் வளர்ந்து, அதற்கும் பல வருடம் கழித்து அறிந்தது. அன்று அந்த மேசையில் இருந்தவர்களில், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத செனகல் மாமாவுக்குக்கூட எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு மொழியும் தெரிந்த எனக்குத்தான் விளங்கவில்லை.

கடைசியில் பெரியப்பா தட்டைப் பார்த்தபடியே, "மரத்தடியிலேயே வைக்கச் சொல்லு," என்றார்.

"அப்ப, உங்கட அப்பான்ரை பேர்க் கல்லு?" என்று பெரியம்மா கேட்டார்.

"மதிலே இல்லை, பேந்தென்ன கல்லு?"

சொன்ன சொல் தவறவில்லை மனிதர். அடுத்த வருடம் படம் வந்தது. வேப்பமரம், கைப்பம்பு, அதன் பிடியில் தொங்கியபடி பல் முழுவதும் தெரியச் சிரிக்கிற அந்த உயரமான பெண். சுற்றிலும் மதிலும் இல்லை, பூட்டும் இல்லை. பெரியப்பா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் மரத்தடி யோசனை தன்னுடையதுதான் என்று சொன்னார். சித்தி பக்கத்தில் இருந்தால் மட்டும் சொல்லமாட்டார்.

ஆனால் எனக்கு அந்தப் படத்தைவிட நன்றாக நினைவிருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பிய கார்ப்பயணம். பாலம் தாண்டும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சித்தி வேலை பார்த்தது கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில். குழந்தைகளோடு நாள் முழுக்கப் பிரெஞ்சில் பேசுகிறவர், உண்மையைச் சொன்னால் என்னைவிட நன்றாகவே பேசுவார். பின் சீற்றிலிருந்து எட்டிக் கேட்டேன்.

"சித்தி, நீங்கள் நேரே அவருக்குப் பிரெஞ்சில சொல்லியிருக்கலாமே. ஏன் தமிழில சொன்னனீங்கள்?"

"நான் அவருக்குச் சொல்லேல்லையடி, பிள்ளை," என்றார் சித்தி.

சித்தப்பா ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் சாய்ந்து யோசித்தேன். அவருக்கு இல்லையென்றால் எனக்குத்தான். பெரியவர்கள் மேசையில், அத்தனை பேருக்கு நடுவில், சித்தி எனக்கென்று ஒரு கதை சொல்லியிருக்கிறார். சந்தோஷம் தாங்காமல் வீடு வரும்வரை பாடிக்கொண்டே வந்தேன்.