எனக்கு அந்த மொழி தெரியாது

எனக்குத் தமிழ் தெரியாது என்று சொன்னேன்.

எந்தத் தமிழில் இதை உங்களுக்கு எழுதுகிறேனோ, அதே தமிழ்! பட்டப்பகலில், மெல்பேர்னில், சனம் சூழ்ந்து நிற்க, ஒரு பொலிஸ்காரர் மரியாதையாகக் கேட்டார். தெரியாது என்றேன். யாரும் என்னை மிரட்டவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... பிறகு நீங்கள் எனக்கொரு சமாதானம் கண்டுபிடித்துத் தரக்கூடாது.

றெஜி மன்னார்ப் பக்கத்துப் பொடியன். நானும் அவனும் ஒரே படகில் வந்தவர்கள். கடலில் எனக்கு வாந்தி நிற்காத நாட்களில் என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தவன் அவன்தான். தனக்கு அளந்து கொடுத்த தண்ணீரில் பாதியை எனக்குப் பருக்கினான். கரையேறியபின் டண்டினோங்கில் ஒரே அறையில் கிடந்தோம்.

என் அகதி விண்ணப்பத்தை ஏற்றார்கள், அவனுடையதைத் தள்ளிவிட்டார்கள். நான் குடியுரிமை எடுத்தேன், ஜெசியை மணந்தேன், வெரிபீயில் வீடு வாங்கினேன், கழுத்தில் அட்டை தொங்கும் அலுவலக வேலைக்கும் வந்துவிட்டேன். அவன் மேன்முறையீடு, தற்காலிக விசா என்று ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் தொங்கினான். சின்னதாக ஒரு பொலிஸ் வழக்கு வந்தாலும் அந்த விசா பறிபோகலாம். அதுவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்!

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார் என்பார்கள். நாங்கள் கடந்தது கடல். மற்றபடி பழமொழியில் ஒரு பிழையும் இல்லை.

அலுவலகத்தில் நான் படிக்க வந்தவன். அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். படகில் வந்தவன் என்றால் அவர்கள் முகம் எப்படி மாறும் என்று தேநீர் இடைவேளைப் பேச்சுகளில் கண்டிருக்கிறேன். ஒரு பொய்க்கு வேலி போட எத்தனை பொய்கள் வேண்டியிருந்தன என்று கேட்காதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை என் மேலாளர் கிரேக்கும் அவர் மனைவியும் என்னைத் தங்கள் பகுதியில் நடக்கும் ஸ்பானியத் தெருவிழாவுக்கு அழைத்திருந்தார்கள். பிட்ஸ்ரோயில் ஒரு தெருவை இரு பக்கமும் அடைத்து மேடை போட்டிருந்தார்கள். கித்தார் முழங்க, செம்புள்ளிப் பாவாடைக்காரிகள் குதிகாலால் பலகையை உதைத்து ஆடினார்கள். வண்டிச் சக்கரத்தளவு அகலமான சட்டிகளில் மஞ்சள் சோறு இறாலோடு வெந்துகொண்டிருந்தது. மேலாளர் வீட்டாரோடு தட்டும் கையுமாக நிற்கிறேன்... எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தச் சட்டிகளுக்குப் பின்னால் றெஜி நின்றான். ஏப்ரன் கட்டிக்கொண்டு, கருகிய சட்டியொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் நிமிரமுன் நான் கறுப்புக் கண்ணாடியை மாட்டி மறுபக்கம் திரும்பிவிட்டேன். அவன் எனக்கு அப்போது என்ன கெடுதல் செய்தான்? ஒன்றுமில்லை. 'அண்ணை' என்று கூப்பிட்டுவிடுவானோ என்ற பயம், அவ்வளவுதான்.

அப்போது ஒரு குழந்தை அழுதது. மூன்று வயதிருக்கும். ஆடுகிறவர்களைப்போலவே புள்ளிப் பாவாடை கட்டியிருந்த சின்னப் பெண், கூட்டத்தில் தாயைத் தவறவிட்டு வீறிட்டு நின்றாள். பெரியவர்கள் அவளைச் சுற்றி நின்று அங்குமிங்கும் பார்த்தார்களேயொழிய, ஒருவரும் தொடவில்லை. றெஜிதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவள் முன்னால் குந்தி, சீனி தூவிய பொரித்த மாவுக் குச்சியொன்றை அவள் கையில் கொடுத்தான். பிறகு அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

எங்கள் கோயில் பெருநாளில் பிள்ளை தவறினால் அதுதானே வழக்கம்? கண்டவர் தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கி இருக்கும் இடத்துக்குப் போவார். 'புள்ளிச் சட்டை போட்ட பிள்ளை இங்கே நிற்கிறது, தாய் தகப்பன் உடனே வரவும்' என்று அறிவிப்பார்கள். தாய் ஓடி வந்து தூக்கியவருக்குக் கையெடுத்துக் கும்பிடுவாள். இந்த ஊரிலோ பிறர் பிள்ளையின் மேல் கை வைக்கக் கூடாது. பக்கத்தில் நின்று ஆளை அழைக்க வேண்டும். நான் அதைக் கற்றுக்கொண்டுவிட்டேன். றெஜிக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஆளிருக்கவில்லை.

தூக்காதையடா, என்று தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஒலிவாங்கி மேடையில் இருந்தது. மேடைக்கு ஏறும் படியோ பின்பக்கம், இரண்டு லொறிகளுக்கு நடுவே இருந்தது. அவன் அந்த இடுக்குக்குள் நுழையும்போதுதான் தாய் கண்டாள். யாரோ ஒருவன் தன் மகளைத் தூக்கிக்கொண்டு லொறிக்குப் பின்னால் மறைகிறான்! அவள் போட்ட கூச்சல் கித்தாரையும் மீறிக் கேட்டது. அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

நாலைந்து ஆண்கள் அவனைத் தரையில் அமுக்கினார்கள். பொலிஸ் வந்து கையைப் பின்னால் கட்டியது. மேடையில் ஆட்டம் நிற்கவேயில்லை, சனம் தாளத்துக்குக் கை தட்டியது. றெஜிக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் அந்த நேரத்தில் காற்றில் போய்விட்டது. "பிள்ளை அழுதது... தாயைத் தேடித்தான் கொண்டு போனனான்... சத்தியமா!" என்று தமிழிலேயே கத்தினான்.

பிறகு என்னைக் கண்டான்.

"அண்ணை! ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை!"

அவன் பார்வை போன திசையில் பொலிஸ்காரரும் பார்த்தார். என்னிடம் வந்தார். இவரை உங்களுக்குத் தெரியுமா, இவர் பேசுவது உங்களுக்கு விளங்குகிறதா என்று கேட்டார். எனக்குப் பக்கத்தில் கிரேக்கின் மனைவி, 'ச்சீ, குழந்தையைப் போய்...' என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கிரேக் என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லை. எனக்கு அந்த மொழி தெரியாது."

நடந்தது முழுவதையும் பார்த்த ஆள் நான். அவன் சொன்னதைப் பெயர்த்துச் சொல்ல அரை நிமிடம் போதும். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்பார்களே... என் வாயில் இறால் சோறு இருந்தது. அவனை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனபின் மிச்சத்தையும் தின்று முடித்தேன்.

பயந்து சொன்னேன் என்றால் நீங்கள் இரங்குவீர்கள். எனக்கென்ன பயம்? குடியுரிமை இருந்தது, வீடு இருந்தது. வெட்கம்! அந்த ஏப்ரனோடு, அந்தப் பழியோடு, அவனும் நானும் ஒரே இனம் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம். யேசுவைத் தெரியாதென்ற பேதுருவையாவது மூன்று தரம் கேட்டார்கள். நான் முதல் தரத்திலேயே முடித்துவிட்டேன்.

மறுநாளாவது பொலிஸுக்குப் போயிருக்கலாமே என்கிறீர்களா? போயிருக்கலாம். அதற்கடுத்த நாளும் போயிருக்கலாம்... நேற்றுத் தெரியாத மொழி இன்று எப்படித் தெரிந்தது என்று கேட்பார்களே என்று வீட்டிலேயே இருந்தேன். விட்டுவிடுவார்கள், விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழக்கைக் கைவிடத்தான் செய்தார்கள். அதற்குள் விசா போய், அவனைத் தடுப்பு முகாமில் போட்டாயிற்று. பல மாதங்கள் கிடந்து, ஒருநாள் மனம் வெறுத்து, ஊருக்கே அனுப்புங்கள் என்று அவனே சொல்லிவிட்டான்.

ஊரில் இறங்கியபின் சில கிழமைகள் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில் ஜெசி அவனுக்காகச் செபமாலை சொன்னாள். நானும் பக்கத்தில் முழந்தாளிட்டுப் பதில் செபம் சொன்னேன்!

பிறகு ஊரிலிருந்து அவனே போன் எடுத்தான். ஜெசி குசினியில் ஸ்பீக்கரில் போட்டாள். வலது காது இப்போது கேட்பதில்லை என்றான். ஏனென்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அண்டைக்கு இவரும் அந்தத் திருவிழாவிலதானே தம்பி நிண்டவர். உன்னைக் கண்டிருந்தா விட்டிருப்பாரே?" என்று ஜெசி அழுதாள்.



"சரியான சனக்கூட்டம் அக்கா. அண்ணை என்னைக் கண்டிருக்க மாட்டார்" என்றான். பிறகு, "என்ன அண்ணை?" என்று கேட்டான்.

அவன் என்னைக் கண்டவன். நான் அவனைக் கண்டதையும் கண்டவன். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவன் காத்திருந்தான். ஜெசி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம்... அப்போதாவது சொல்லியிருக்கலாம்!

"ஓம் றெஜி, காணேல்லை" என்றேன்.

"சரி அண்ணை. சுகமா இருங்கோ" என்றான்.

அதற்குப் பிறகு அவன் எங்களுக்குப் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.