மகளுக்கு ஒரு கோடாலி

நோர்வேயின் வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டிலிருந்து அமெரிக்காவின் லூசியானாவில் படிக்கும் மகளிடம் போகும் வழியில், ஒஸ்லோவில் ஓர் இரும்புக்கடையில் நின்று கோடாலி பார்க்கிறேன்.

கடையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் சிரிக்கிறாள். "அமெரிக்காவில கோடாலி இல்லையோ அன்ரி?"

"இருக்கு. அவள் வாங்கமாட்டாள்."

மகள் இருக்கும் நியூ ஓர்லியன்ஸ் நகரம் ஆற்றையும் ஏரியையும் விடத் தாழ்வில் கிடக்கிறது. முன்பொரு புயலில் வெள்ளத் தடுப்புகள் உடைந்தபோது, பரணில் ஏறியவர்கள் கூரையை உடைக்க வழியின்றி இறந்தார்கள். அதன்பிறகு அங்கே பரணில் கோடாலி வைக்கிறார்கள். போன கிழமைப் புயலில் மகள் இரவு முழுக்கப் பரணில் இருந்திருக்கிறாள், வெறுங்கையோடு. இதையெல்லாம் கடைப்பெண்ணிடம் சொல்கிறேன்.

கேட்டுக்கொண்டிருந்தவளின் சிரிப்பு நின்றுவிடுகிறது. சிறிய கோடாலி ஒன்றை எடுத்து, சுவர்த் தட்டு ஒன்றின் அடியில் முழந்தாளிட்டு, மெல்ல மேல்நோக்கி ஓங்கிப் பார்க்கிறாள்.

"அங்கை நிமிர ஏலாது அன்ரி, இருந்துகொண்டுதான் வெட்டோணும். இந்தச் சின்னது காணும்."