குற்றச்சாட்டுக்கும் ஒரு முறை உண்டு

நிறைந்த பொதுக்கூட்டத்தில் தன் மனைவியைப் பார்த்து, "உங்கட பெயரைச் சொல்லுங்கோ" என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மனைவி முகம் சிவக்கத் தன் முழுப்பெயரையும் சொன்னார். அதை எழுதவேண்டியவள் நான்.  அந்த அம்மா எழுந்து நின்றதே என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கவேண்டும் என்று சொல்வதற்காகத்தான்.

கப்பல்துறை என்ற ஊரில் எங்கள் பகுதிக்கென்று ஒரு குடிநீர்ச் சங்கம் இருந்தது. ஒரு குழாய்க்கிணறு, உயரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி, மேல்வீதிக்கும் கீழ்வீதிக்கும் தனித்தனி வால்வு. கணவர் கட்டாருக்குப் போன பிறகு, படித்தவள் என்று சொல்லி என்னைச் செயலாளராக்கினார்கள். காலையில் வால்வுகளைத் திறப்பதும் என் பொறுப்பாயிற்று. தலைவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தொழிற்சங்கக் கூட்டங்களில் பழுத்தவர். ஆட்களின் வரவு குறைந்தால் எண்ணிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தையே ஒத்திவைப்பார். கடந்த கூட்ட அறிக்கையை வாசித்து ஏற்காமல் அடுத்த விடயத்துக்குப் போகமாட்டார். ஒருவர் பிரேரித்து இன்னொருவர் ஆமோதித்தால்தான் அது பேச்சுக்கு வரும். பேசுகிறவர் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். வெளியே என்னைத் தங்கச்சி என்பவர், கூட்டத்தில் "செயலாளர்" என்றே கூப்பிடுவார். "தண்ணி தாறதுக்கு ஒரு பாராளுமன்றமோ" என்று ஊரில் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எனக்கும் மேல்வீதிக்காரரான தலைவருக்கும் சுமுகம் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு முந்தைய மாதம் கோயில் திருவிழாவுக்காக மேல்வீதிக்குக் கூடுதல் நேரம் தண்ணீர் விடச் சொன்னார். கூட்டத்தில் முடிவெடுக்காமல் ஏலாது என்று, அவருடைய பாஷையிலேயே மறுத்துவிட்டேன். அதன்பிறகு தெருவில் கண்டால் தலையை மட்டும் அசைப்பார்.

அப்போதுதான் மேல்வீதிக்குத் தண்ணீர் வராமல் போனது. நான் வழமைபோல் வால்வைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். கைப்பிடி சுழன்றது, கீழ்வீதிக் குழாய்களில் தண்ணீர் கொட்டியது, மேலே ஒரு சொட்டும் இல்லை. நான்கு நாள் அவர்கள் கண்டி வீதி வரை வாளியோடு நடந்தார்கள். நான் கீழ்வீதிக்காரி. பழைய கோபத்தில் நான்தான் பூட்டிவிட்டேன் என்ற கதை வேலிக்கு வேலி ஓடியது. என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஐந்தாம் நாள் முன்பள்ளி மண்டபத்தில் மாதக் கூட்டம். பெரியவர்கள் சின்னக் கதிரைகளில் முழங்கால் மடங்க உட்கார்ந்திருந்தார்கள். தலைவரின் மனைவி எழுந்தார். "நாலு நாளாய் நான் தண்ணி சுமக்கிறன். இவவை விலத்த வேணும். இண்டைக்கே."

"இது கதையோ, பிரேரணையோ?" என்றார் தலைவர்.

"பிரேரணைதான்."

"அப்ப உங்கட பெயரைச் சொல்லுங்கோ. ஆமோதிக்கிறது ஆர்?"

பத்துக் கைகள் எழுந்தன.  அழுகையை அடக்கிக்கொண்டு வெளியேற எழுந்தேன். "செயலாளர், இருங்கோ. கூட்டம் முடியேல்லை" என்றார் கடுமையாக. இருந்தேன். அவர் சங்கத்தின் யாப்பு என்ற சட்டப் புத்தகத்தைத் திறந்து, ஒரு விரலை வைத்து வாசித்தார். பதவியில் இருப்பவரை நீக்குவதானால் பதினான்கு நாளுக்கு முன் எல்லா உறுப்பினருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். வாக்கு இரகசியமாக இருக்க வேண்டும். "இண்டைக்கு இதை எடுக்க ஏலாது. பிரேரணை ஒழுங்குக்கு மாறானது."

"உங்கட வீட்டிலயும் தண்ணி இல்லைத்தானே!" என்று மனைவி சத்தம் போட்டார்.

"இல்லை. ஆனா யாப்பு இருக்கு."

பின்வரிசையில் இருந்த, வீடு கட்டும் மேசன் ஒருவர் கை உயர்த்தினார். விசேட பொதுக்கூட்டத்துக்கு அறிவித்தல் கொடுப்போம், அதுவரை இரண்டு வீதியிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து வால்வைத் திறக்கட்டும், தான் நிலத்தைத் தோண்டிப் பார்க்கிறேன் என்றார். அது ஆமோதிக்கப்பட்டு நிறைவேறியது. அத்தனையையும் நானே எழுதினேன்.

மூன்றாம் நாள் மேசன் வால்வைக் கழற்றினார். கைப்பிடி சுழன்றதே தவிர, உள்ளே தகடு தண்டிலிருந்து கழன்று குழாயை அடைத்தபடி கிடந்தது. இரண்டு வீதியாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் அந்த மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று பகல்தான் பல நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று ஊர் நினைத்தது. தலைவர் விடவில்லை. "பொதுக்கூட்டத்தில சொன்ன பழியைப் பொதுக்கூட்டத்திலதான் எடுக்க வேணும்" என்று விசேட கூட்டத்தைக் கூட்டினார். தன்னைப் பற்றிய விடயத்தைத் தானே எழுதக்கூடாது என்று என் கையிலிருந்த அறிக்கைக் கொப்பியை வாங்கி முன்பள்ளி ஆசிரியையிடம் கொடுத்தார். பிறகு ஆசனத்தை உபதலைவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கிவந்து, ஒரு சின்னக் கதிரையில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். முறை வந்ததும் எழுந்து, செயலாளர் மீது எந்தத் தவறும் இல்லை என்று அறிக்கையில் பதியவேண்டும் எனப் பிரேரித்தார். அவருடைய மனைவி எழுந்து, யாரும் கேட்காமலே தன் பெயரைச் சொல்லி ஆமோதித்தார். ஒரு கைகூட எதிர்த்து எழவில்லை.

இப்போது அந்தப் பழைய தலைவர் மகளோடு நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறார். சங்கத்துக்கு நான் தலைவர். போன மாதம் பார்க்கப் போனபோது, பல வருடமாய் மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அண்டைக்கு நீங்கள் என்னை நம்பித்தானே அந்தப் பிரேரணையை நிப்பாட்டினீங்கள்?"

"இல்லைத் தங்கச்சி" என்றார், தேத்தண்ணியை ஊதியபடி. "நீங்கள்தான் பூட்டினீங்கள் எண்டுதான் நானும் நினைச்சனான். சரியான கோபம். அதாலதான் யாப்பைத் திறந்தனான். கோபத்தில நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது."

நோகவேண்டிய பதில்தான். நோகவில்லை. அவருக்கு என்னைப் பிடித்திருந்ததால் நான் தப்பினேன் என்றால், பிடிக்காதவளின் கதி என்ன என்று நினைத்திருப்பேன்.  வாய்விட்டுச் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

எங்கள் சங்கத்தில் இப்போது ஒருவர் இருக்கிறார். என்னைப் பற்றிக் குறை பேசாத நாளில்லை. அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அவர் அனுப்பிய முறைப்பாட்டுக் கடிதம் ஒரு கிழமையாய் என் மேசையில் கிடந்தது. அன்று ஓர்ஸ் ஹில்லிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது விடயமாக எழுதினேன். அறிவித்தலை நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தேன்.