ஒரு மயிரிழை பின்னாடி

முதல் அறிகுறிக்கு நாங்கள் கை தட்டினோம். அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

என் கணவர் ஜேம்ஸ் ஜாஸ் டிரம்மர். பெங்களூர் ஓட்டல்களில் பல வருடம் வாசித்துவிட்டு, சொந்த ஊரான மாரண்டஹள்ளிக்குத் திரும்பி, பள்ளியில் இசை ஆசிரியரானார். "பேண்டு செட்டுங்களா?" என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சலித்து, "ஆமாங்க" என்று சொல்லப் பழகியிருந்தார். மாணவர்களிடம் மட்டும் விடமாட்டார். "தாளத்து மேலயே போயி வுழாதீங்க. ஒரு மயிரிழை பின்னாடி அடிங்க, அதுலதான் ஜாஸ் இருக்குது" என்பார்.

அதனால் பள்ளி ஆண்டு விழா வாசிப்பில் அவருடைய இடது கை பின்தங்கியபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வயது ஏற ஏற வாசிப்பு கனிகிறது என்றே நினைத்துக் கை தட்டினோம். "இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துதுங்க" என்றேன். அவர் குச்சிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

சட்டைப் பொத்தான் போட என்னைக் கூப்பிடத் தொடங்கிய பிறகுதான் தருமபுரிக்குப் போனோம். நரம்பியல் மருத்துவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விடாமல் தட்டிக் காட்டச் சொன்னார். இவருக்கு வராத தாளமா என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. இடது விரல்கள் நாலைந்து தட்டிலேயே சோர்ந்து நின்றுவிட்டன. பார்க்கின்சன் (மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்து அசைவுகள் மந்தமாகும் நோய்) என்றார்.

"வாசிக்க முடியுங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"மாத்திரையில கொஞ்ச காலம் முடியுங்க. பழையபடின்னு சொல்ல மாட்டேன்."

திரும்பும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்: "அன்னைக்கு நான் பின்னாடி அடிக்கல. கை வரல. நீங்கல்லாம் தட்டுனீங்க. வூட்டுல எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அப்படியே விட்டுட்டேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாத்திரை கொஞ்ச காலம் உதவியது. பிறகு ஒரு நாள் அவரே குச்சிகளை அலமாரியில் வைத்தார். பள்ளிக்குப் போவதும் நின்றது. டிரம்ஸின் மேல் போர்வை போர்த்தியிருக்கிறோம். அந்த அறைக்குள் போகவே எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது வாசற்படி வந்தால் உறைநடை (எடுத்து வைக்க நினைத்தாலும் பாதம் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும் நிலை). தாளம் கேட்டால் கால் எழும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். உங்கள் வீட்டிலும் இப்படி என்றால் தட்டிப் பாருங்கள். கையைப் பிடித்து இழுக்க மட்டும் வேண்டாம். தாளமே தெரியாத நான்தான் கதவில் தட்டுகிறேன்.

"அவசரப்படற" என்கிறார். "மெதுவா."

மெதுவாகத் தட்டுகிறேன். என் தட்டுக்கும் அவர் பாதத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. அன்று நான் கை தட்டிய அதே இடைவெளி. இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்குள் நிற்கிறேன், அவர் பாதம் எழும்வரை.