பாடாங் வாசல் கல்லும் கமலா அக்காவும்

கமலா அக்கா இறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விழுந்தார். புதன் மதியம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. நேற்று தகனம்.

வழுக்கி விழுந்தாராமே என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வழுக்கவில்லை. அன்றைக்கு மழையே இல்லை.

ஊர்ப் பெயர் போடவில்லை. ஜொகூரில் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்டவர்கள் படித்தால் அவர்களுக்கே தெரியும்.

அக்காவும் நானும் சிங்கப்பூரில் ஒரே ஃபேக்டரி, ஒரே லைன், ஒரே பஸ். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் என்னை எல்லார் முன்னாலும் திட்டினார். அக்கா கை வேலையை நிறுத்தாமல், தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: "மெதுவா சொல்லுங்க லா. அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

அப்படி ஒரு வாய் அவருக்கு. அந்த வாய்க்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

வேலையை விட்டு நின்ற பிறகு, அவர் வீட்டுக்காரர் ராஜு மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. பேச்சும் குழறல்தான்.

எங்கள் குடியிருப்புத் தாமானுக்குப் பக்கத்தில் ஒரு பாடாங் இருக்கிறது... விளையாட்டுத் திடல். சாயங்காலம் பந்து விளையாடுவார்கள். மாமாவை வீல்சேரில் வைத்து அக்கா தினமும் அங்கே தள்ளிக்கொண்டு போவார்.

மற்ற நேரத்தில் மாமா பேசுவது யாருக்கும் புரியாது. பந்து உள்ளே போனால் மட்டும் "கோல்" என்று தெளிவாகச் சொல்வார். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே அக்கா போனார் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடுகள் இருக்கும் லோரோங்கிலிருந்து பாடாங்குக்குள் போக ஒரு பெரிய கால்வாயைத் தாண்ட வேண்டும். அதன் மேல் போட்டிருந்த சிமெண்டுக் கல் நடுவில் உடைந்து ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. நடக்கிறவர்கள் எட்டி வைத்துப் போய்விடலாம். வீல்சேர்?

தாமான் கமிட்டியில் நான்தான் செக்ரெட்டரி. நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினேன், பதிலே இல்லை. அப்புறம் ஒரு நாள், பொதுத் திடல்களுக்கு மானியம் வந்திருக்கிறது, ஃபாரம் போடுங்கள் என்றார்கள்.

ஃபாரத்தில் "பாயிக் பூலே" என்று எழுதினேன். மலாயில் பழுது பார்ப்பது. உடைந்த கல்லுக்கு வேறென்ன எழுதுவது?

திரும்பி வந்துவிட்டது. இந்த மானியம் பழுது பார்ப்பதற்கு இல்லையாம், "நாயிக் தாராஃப்" செய்வதற்கு மட்டும்தானாம். அதாவது தரம் உயர்த்துவது.

அக்காவிடம் சொன்னேன். "நாய்க்குத் தராங்களா? அப்போ மனுசனுக்கு யாரு தருவா?" என்றார். நான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

அடுத்த முறை ஃபாரத்தை எடுத்துக்கொண்டு நானே கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலிகூடக் கொடுத்தார். கடைசியில் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "உடைஞ்சதப் பத்தி எழுதாதீங்க அக்கா. எழுதுனா திரும்பிடும்."

கல்லைப் பற்றிய வரியை அடித்துவிட்டேன். என் கையால்தான் அடித்தேன். பணம் வரட்டும், வந்ததும் கல்லையும் சேர்த்துப் போடச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என்ன புத்தியோ.

மானியம் வந்தது. என்ன வந்தது தெரியுமா? லைட் போட்ட வளைவு. உடற்பயிற்சி மெஷின் ஆறு. செல்ஃபி எடுக்க, ஊர்ப் பெயரோடு "ஐ லவ்" என்று ஆளுயரச் சிவப்பு எழுத்து.

கல் மட்டும் அப்படியே கிடந்தது. குத்தகைக்காரரைக் கேட்டால் லிஸ்ட்டில் இல்லை என்றார். லிஸ்ட்டில் எப்படி இருக்கும்... நான்தான் அடித்துவிட்டேனே.

அக்கா யாரையும் குறை சொல்லவில்லை. எங்கிருந்தோ ஒரு தடிப் பலகை கொண்டுவந்து கல்லின் மேல் போட்டார். வீல்சேர் அழகாகப் போனது.

போன வாரம் திறப்பு விழா. ரிப்பன், பலூன், ஃபோட்டோ. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அன்று காலையில் அந்தப் பலகையைத் தூக்கி லோரியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் அங்கேதான் நின்றேன். புதுச் சேலை கட்டிக்கொண்டு, ஃபோட்டோவில் இரண்டாவது வரிசையில். வாயைத் திறக்கவில்லை. அக்காவாக இருந்தால் சும்மா விட்டிருப்பாரா?

செவ்வாய்க்கிழமை அக்கா வீல்சேரின் முன்சக்கரத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கப் பார்த்திருக்கிறார். கால் இடறிக் கால்வாய் விளிம்பில் தலை மோதிவிட்டது.

பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். சத்தம் போட்டது மாமா. "கமலா" என்று கத்தினாராம். தெளிவாகக் கேட்டதாம்.

இதை எழுத வைப்பது துக்கம் இல்லை. ஆத்திரம்.

தயவுசெய்து கீழே "விதி" என்று யாரும் கமெண்ட் போடாதீர்கள். போட்டால் பிளாக் செய்துவிடுவேன். நகராண்மைக் கழகம் அனுப்பிய மலர் வளையத்தையும் நான் அக்கா வீட்டுக்குள் வைக்க விடவில்லை. திமிர் என்கிறார்கள். ஆமாம், திமிர்தான்.

இன்று காலை பாடாங் பக்கம் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். இரண்டு தொழிலாளிகள், ஒரு லோரி. உடைந்ததைப் பெயர்த்துவிட்டுப் புதுக் கல்லை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஃபாரம் இல்லை. மானியம் இல்லை. எந்தக் கணக்கில் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"தெரியல கா. போடச் சொன்னாங்க, போடுறோம்" என்றார் ஒருவர். அவர் மேல் என்ன தப்பு.

நான் காபி கலக்கி எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கமலாக்கா... கல்லு போட்டாச்சு.

போய் வாங்க.