பையை மட்டும் படமெடுத்தவள்

கொடுத்துவிட்டு விலகி நிற்கிறவர்களை நான் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில்தான் முதலில் பார்த்தேன். ஊரில் இதைப் படிப்பவர்கள் நம்ப மாட்டார்கள். கொரோனா ஊரடங்கில், படித்துக்கொண்டே நான் வேலை பார்த்த உணவகம் மூடிவிட்டது. வீடு வீடாக மளிகை கொடுக்கும் உதவிக் குழுவிடம் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், படியில் ஒரு மளிகைப் பை. வாசல் கேட்டுக்கு அப்பால் ஒரு பெண் கைப்பேசியை என் பக்கம் நீட்டியபடி நின்றாள். சட்டென்று துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, "நோ போட்டோ" என்றேன்.

"ஒன்லி த பேக், லவ்," என்றாள்.

கொடுத்தாயிற்று என்பதற்கு அத்தாட்சியாம். முன்பின் தெரியாதவளை 'லவ்' என்று கூப்பிடுகிறவளை எப்படி நம்புவது? பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். பாஸ்தா, பீன்ஸ் டப்பா, தேயிலை. கட்சிச் சின்னமோ ஜெபக்கூட்டத் துண்டறிக்கையோ இல்லை. இல்லாததுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது.

எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதை நெடுக அன்னதானம் நடக்கும். கை நீட்டினால் தொன்னையில் பொங்கல் விழும், யாரென்று கேட்க மாட்டார்கள். நோய் வந்து கிரிவலம் நின்றதும், அம்மா கூட்டிப் பெருக்கிய லாட்ஜும் பூட்டிக்கொண்டது. அதன்பின் தெருவுக்கு வந்த அரிசிப் பைகளோடு பேனரும் கேமராவும் சேர்ந்தே வந்தன. வாங்குகிறவர் முகம் பேனருக்குக் கீழே தெரிந்தாக வேண்டும். அம்மா வெளியே போகவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், விமானம் ஏறியவளும் நான். அந்தப் பெருமையைக் காப்பாற்ற, ரேஷன் அரிசி தீர்ந்த பிறகு அம்மா ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள் என்று, எனக்குப் பை வந்த அன்று போனில்தான் தெரிந்தது. அனுப்ப என்னிடம் பணமில்லை.

"போய் வாங்கும்மா."

"சீமையில படிக்கிற பொண்ணோட அம்மா அரிசிக்கு நிக்கிறான்னு கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போயிடும்டி. அங்க இருக்கிற உங்க அத்தைக்கு அது போதும், சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

"நானும் இன்னைக்கு வாங்குனேம்மா."



"போட்டோ எடுத்தாங்களா?"

"பையை மட்டும்."

"பையை இன்னாத்துக்குடி எடுக்கிறாங்க? நாளைக்கு வந்து ஏதாச்சும் கேப்பாங்க, பாத்துக்கோ."

"அதை விடும்மா. நீ மாஸ்க்கைக் கண்ணு வரைக்கும் ஏத்திக்கினு போ. யாருக்குத் தெரியப்போவுது?"

மறுநாள், தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தை அம்மாவே எனக்கு அனுப்பினாள். கொடுக்கிறவர்கள் நாலைந்து பேர் ஒரே அரிசிப் பையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நீண்டிருந்த கை அம்மாவுடையது. முக்காடும் மாஸ்க்குமாக இருந்தவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது, அப்படி ஒளிய வேண்டியிருந்ததே என்று பிறகு கோபம் வந்தது. வீடியோவில் கூப்பிட்டேன். சோறு வைத்திருக்கிறாளாம். போனை அடுப்பு மேடையில் சாய்த்துவிட்டு, "கல்லுதான் ஜாஸ்தி, அரிசி கம்மி" என்று கொடுத்தவர்களைத் திட்டினாள். அங்கே குக்கர் விசில் அடித்தது. என் அடுப்பில் ஒன்றும் இல்லை என்பதை மறந்து, நான் இங்கே அடுப்பைக் குறைக்க எழுந்தேன்.